பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை

ஜெபல் அலி வழியாக வந்தது பெட்டி.
சுங்கத் தாளில்:
பறவை, ஒன்று. உயிரற்றது. நானூற்றுப் பத்து கிலோ.
தலை தனி. கழுத்து தனி.
கால்கள் இரண்டும் குமிழ்த்தாளில் சுற்றி.
இறக்கைகளைக் காணோம் என்று
கம்பெனிக்கு மெயில் எழுதப் போன நேரத்தில்
தெர்மாகோலுக்கு அடியில் அகப்பட்டன,
என் முழங்கை நீளம்கூட இல்லை.

ஷார்ஜா, நஹ்தா, மாலின் தரைத்தளம்.
ஐஸ்கிரீம் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில்
மூன்று ராத்திரியில் நிறுத்தினோம்.
காற்றுக் குழாய்கள் நான்.
எலும்புக்கூட்டு வெல்டிங் சூசைமிக்கேல்.
குதிரைத் தலையளவு தலை,
அதில் பாதிக்கு மேல் அலகு.
இது நடந்த மண் தென்னமெரிக்காவாம்,
அற்றுப்போய் இருபது லட்சம் வருஷமாவது இருக்குமாம்.
வளைகுடாவுக்கு இப்போதுதான் வருகிறது,
ஆறு மாத அனுமதியில்.

"நம்மள மாதிரிதான், றெக்க இருந்தும் பறக்க முடியாது"
என்றார் பெயிண்டர் பொன்னுரங்கம்.
எல்லோரும் சிரித்தார்கள்.
எனக்கு ஒப்பவில்லை.
இதற்குப் பறக்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது அண்ணே.
ஓடும். உதைக்கும். குனிந்து ஒரே கொத்து.
நாம் இதன் ஊரில் பிறந்திருந்தால்
புல்லுக்குள் பதுங்கியிருப்போம்.

மேனேஜர் காசிமுக்கு அது போதவில்லை.
தலையை இடமும் வலமும் உதற வேண்டும்,
நாய் எலியைக் கவ்வி உதறுமே, அப்படி.
பிள்ளைகள் அலற வேண்டும்.
கையேட்டின் முப்பத்தொன்றாம் பக்கத்தைக் காட்டினேன்:
இந்த மண்டை மேலிருந்து கீழே வெட்டத் தாங்கும்,
பக்கவாட்டில் தாங்காது.
படத்தில் அலகின் அடியில் சிவப்புத் தீட்டியிருந்தது.
"அது எலும்புக்கு. இது ஃபைபர்" என்றார்.

ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில்
டப் என்று ஒரு சத்தம்.
விரிசல் விழுந்திருந்தது,
சிவப்புத் தீட்டிய அதே இடத்தில்.
ரெசின் தடவி ஒட்டினோம்.
அதற்கப்புறம் அது கீழ்நோக்கி மட்டுமே கொத்துகிறது.
காசிம் என்னிடம் எதுவும் சொல்லவில்லை.
பறவையும்.

குரல்தான் தகராறு.
அதன் குரல் எப்படி என்று உலகத்தில் எவருக்கும் தெரியாது.
பெட்டியோடு வந்த பென்டிரைவில் இருந்ததோ சிங்கத்தின் உறுமல்;
மாடியில் இருக்கும் சிங்கமே அதைத்தான் உறுமிக்கொண்டிருந்தது.
நீயே ஏதாவது செய் என்றார்கள்.

சஜாவில் எங்கள் அறை. ஆறு கட்டில்.
எனக்கு மேலே சூசைமிக்கேல்.
பெரியதாழையில் அலைக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை,
தூக்கத்திலும் அடங்காது.
ஒருநாள் ஏசி நின்ற ராத்திரியில்
போனை அவன் தலைமாட்டில் வைத்தேன்.
கிடைத்த குறட்டையை மூன்று மடங்கு மெதுவாக்கி
அடியில் ஜெனரேட்டர் அதிர்வைச் சேர்த்ததும்
எனக்கே கை ரோமம் நின்றது.

அவனிடம் சொல்லவில்லை.
சொல்லலாம் என்றிருந்த வாரத்தில்
வெல்டர்கள் எட்டுப் பேர் போதும் என்று
கம்பெனி கணக்குப் போட்டது.
அவன் ஒன்பதாவது.
ஒரு டிவி, இரண்டு டப்பா பால்பவுடர்,
கண்ணாடி சுற்றிய மஞ்சள் துணியோடு போனான்.

பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை
செருப்புக் கடைக்காரன் காதைப் பொத்துகிறான்.
அரபிப் பிள்ளைகள் அப்பாவின் கந்தூராவுக்குள் முகம் புதைக்கின்றன.
ஒரு சின்னப் பெண் மட்டும் கம்பி வரை வந்து
"பசிக்குதா?" என்று மலையாளத்தில் கேட்டாள்.

வீடியோ அனுப்பினேன். விஷயத்தையும் எழுதினேன்.
இரண்டு நாள் கழித்துக் குரலில் வந்தது பதில்,
பின்னால் கடல்:
"ஏலே, நானாலே இது?
இம்புட்டுப் பசியோடயா ஒறங்குனேன்?"

மால் மூடியதும் காற்றை நிறுத்துவது என் வேலை.
வால்வைத் திருகினால்
தலை தானாக, மெல்ல, மார்பு வரைக்கும் இறங்கும்.
உஸ்ஸென்று ஒரு நீளம்.
அப்புறம் பஸ்.

மேல்கட்டிலில் இப்போது ஒரு நேபாளிப் பையன்.
சத்தமே இல்லாமல் தூங்குகிறான்.
சில ராத்திரி எழுந்து
மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன்.